கூரை வழியும் கையெழுத்து வழியும்

தெய்வம் கொடுக்க நினைத்தால் கூரையைப் பிரித்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். கூரையைப் பிரித்துக்கொண்டு எடுத்துப் போனவர்களும் உண்டு. 2016 ஆகஸ்ட் 8-ஆம் தேதி இரவு சேலத்திலிருந்து புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ரயில், மறுநாள் விடியற்காலையில் செங்கற்பட்டு, தாம்பரம் வழியாக எழும்பூர் வந்து சேர்ந்தது. அதில் கோத்திருந்த பார்ஸல் வண்டியில் 226 பெட்டிகள். பெட்டிகளுக்குள் கைமாறிக் கைமாறி அழுக்கேறிய பழைய நோட்டுகள். மொத்தம் சுமார் 342 கோடி ரூபாய். ரிசர்வ் பாங்கிக்குத் திரும்பிப் போகிற பணம் அது. கூடவே போலீஸ் காவலும் வந்தது. கதவு பூட்டியது பூட்டியபடி இருந்தது. அதிகாரிகள் வந்து திறந்து பார்த்தார்கள். கூரையில் ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு ஓட்டை. நான்கு பெட்டிகள் உடைந்து கிடந்தன. 5 கோடியே 78 லட்சம் ரூபாயைக் காணோம்.

யார் எடுத்தார்கள் என்பது இருக்கட்டும். எந்த இடத்தில் எடுத்தார்கள் என்று கண்டுபிடிப்பதே முதலில் பெரும்பாடாக இருந்தது. இரவு முழுவதும் ஓடிய வண்டி. முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். இங்கே மின்சாரம் கைகொடுத்தது. விருத்தாசலத்துக்கு இந்தப் பக்கம் விழுப்புரம், செங்கற்பட்டு, தாம்பரம் என்று பாதை முழுதும் மின்கம்பியின் கீழே போகிறது. தலைக்கு மேல் 25,000 வோல்ட் பாயும்போது கூரைமேல் உட்கார்ந்து தகடு அறுக்க எந்தத் தீரனாலும் முடியாது. சேலத்திலிருந்து விருத்தாசலம் வரையில் அப்போது கம்பி கிடையாது, டீஸல் எஞ்சின்தான். ஆகவே சின்னசேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில்தான் காரியம் நடந்திருக்க வேண்டும் என்று போலீஸார் முடிவுக்கு வந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, 2018-ல், மத்தியப் பிரதேசத்துக் கும்பல் ஒன்று சி.பி.சி.ஐ.டி. போலீஸாரிடம் அகப்பட்டது. அதற்கு வெகு முன்பே விதி தன் பங்குக்கு விளையாடிவிட்டது. கொள்ளை நடந்த மூன்றாம் மாதம், நவம்பர் 8-ஆம் தேதி இரவு, ஐந்நூறு ரூபாய் நோட்டும் ஆயிரம் ரூபாய் நோட்டும் செல்லாது என்று பிரதம மந்திரி அறிவித்தார். ஓடுகிற ரயிலின் முதுகில் ஏறி, உயிரைப் பணயம் வைத்து எடுத்ததில் செலவழியாமல் மிஞ்சிய பெரிய நோட்டெல்லாம் ஒரே இரவில் வெறும் காகிதம்!

சினிமாக் கதை போலிருக்கிறது. ஆகவே ஊரெல்லாம் பேசினோம். ஆனால் அது யாருடைய பணம் என்று அதிகம் பேர் கேட்கவில்லை. இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கியின் பணம் அது. 1969-ல் தேசியமயமான பாங்கி. அதாவது சர்க்காருக்குச் சொந்தமான ஸ்தாபனம். சர்க்காருக்குச் சொந்தம் என்றால் யாருக்குச் சொந்தம்? எல்லாருக்கும் என்று சொல்வது வழக்கம். எல்லாருக்கும் சொந்தமான பொருளைக் காணவில்லையென்றால் யாருக்கும் வயிறு எரிவதில்லை. நம் பெரியவர்கள் ‘சிவன் சொத்து குல நாசம்’ என்று சொல்லி வைத்தார்கள். கோயில் நிலத்தைத் தின்றவன்கூட அந்த வார்த்தையைக் கேட்டால் ஒரு கணம் திடுக்கிடுவான். சர்க்கார் கம்பெனியின் சொத்துக்கு அப்படி ஒரு பழமொழி இன்னும் பிறக்கவில்லை. சாமி கேட்கும் என்ற பயமும் இல்லை, அடுத்த வீட்டுக்காரன் கேட்பான் என்ற வெட்கமும் இல்லை. ஆகையால் கேட்க வேண்டிய பொறுப்பு முழுதும் சட்டத்தின் தலையில் விழுகிறது. சட்டம் எப்படிக் கேட்டது, யாரைக் கேட்டது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதன் முக்கியமான அத்தியாயம், இதே பாங்கியை நிறுவியவரின் மற்றொரு ஸ்தாபனத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது.

எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரியில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கியைத் திறந்து வைத்தார். பாங்கியோடு இன்ஷுரன்ஸும் அவர் கையில் இருந்தது. யுனைடெட் இந்தியா என்ற ஆயுள் இன்ஷுரன்ஸ் கம்பெனிக்காக மவுண்ட் ரோட்டில் வானளாவிய ஒரு கட்டடம் கட்டத் திட்டமிட்டவர் அவரே. கட்டடம் முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் காலமானார். இரண்டு வருஷத்தில் கம்பெனியும் கைமாறியது. 1956 ஜனவரி 19-ஆம் தேதி இந்திய சர்க்கார் ஓர் அவசரச் சட்டத்தால் நாட்டிலுள்ள ஆயுள் இன்ஷுரன்ஸ் தொழில் முழுவதையும் எடுத்துக்கொண்டது. சிறிதும் பெரிதுமாக 245 ஸ்தாபனங்கள். அவ்வளவும் கரைந்து, செப்டம்பர் முதல் தேதி, ஆயுள் இன்ஷுரன்ஸ் கார்ப்பரேஷன் என்ற ஒரே உருவம் எடுத்தன. 1959-ல் திறக்கப்பட்ட பதினாலு மாடிக் கட்டடத்தின்மேல் எல்.ஐ.சி. என்ற மூன்று எழுத்து ஏறியது. அதைப் பார்க்கவென்றே பட்டணம் வந்த கிராமத்து ஜனங்கள் உண்டு.

சர்க்கார் ஏன் எடுத்துக்கொண்டது? தனியார் கையில் பணம் பத்திரமாக இல்லை என்பது ஒரு காரணம். 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி லோக்சபையில் எழுந்து, பாலிஸிதாரர்களின் பணத்தை முதலாளிகள் தங்கள் சொந்தப் பை போல் பாவிப்பதைப் புட்டுப் புட்டு வைத்தார். பாரத் இன்ஷுரன்ஸ் கம்பெனியிலிருந்து இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் மாயமான விவகாரத்தில் ராமகிருஷ்ண டால்மியா சிக்கினார். நம்பிக்கை மோசடிக்காக அவர் தண்டனை பெற்றார். 1962-ல் சுப்ரீம் கோர்ட்டும் அந்தக் குற்றத்தை உறுதி செய்தது. தனியார் முதலாளி திருடினால் சிறைக்குப் போவார். ஸ்தாபனம் சர்க்கார் கைக்கு வந்துவிட்டால் திருட ஆளே இராது. அப்படித்தான் அன்று பலரும் நம்பினார்கள். புதிய இன்ஷுரன்ஸ் சட்டத்திலும் அந்த நம்பிக்கையின் சாயல் தெரிகிறது. பழைய கம்பெனிகள் சொத்தையும் கணக்குப் புத்தகங்களையும் ஒப்படைக்காமல் மறைத்தால் தண்டனை என்று அதில் எழுதியிருந்தது. பயமெல்லாம் பழைய சொந்தக்காரரைப் பற்றித்தான்.

அந்தக் கார்ப்பரேஷனுக்குப் பணம் கட்டியவர்கள் யார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் பாதை நெடுகக் குடியேறியது மாதச் சம்பளக்கார வர்க்கம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய ஊர்களிலிருந்து சீஸன் டிக்கட்டும் டிபன் பாக்ஸுமாகக் கோட்டைக்கும் பாரிமுனைக்கும் போய் வருகிறவர்கள். அரைக் கிரவுண்டு நிலமும் ஆயிரம் ரூபாய் பாலிஸியும் அவர்களுடைய ஆயுட்கால லட்சியம். பெண்ணின் கல்யாணத்தை நினைத்துப் பிரீமியம் கட்டினார்கள். தான் செத்தால் பெண்டாட்டி பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்று கட்டினார்கள். தனியார் கம்பெனி ரசீது போய் சர்க்கார் கார்ப்பரேஷன் ரசீது வந்தபோது அவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள்.

கார்ப்பரேஷன் பிறந்து பத்து மாதம்கூட ஆகவில்லை. 1957 ஜூன் மாதம், கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்பவருக்கு வேண்டிய ஆறு கம்பெனிகளின் பங்குகளை அது வாங்கியது. ரிச்சர்ட்ஸன் க்ரடாஸ், ஜெஸ்ஸாப், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் போன்ற பெயர்பெற்ற கம்பெனிகள்தான். ஆனால் முந்த்ரா அப்போது கழுத்தளவு கடனில் இருந்தார். பங்குகளை விற்றே ஆக வேண்டிய நிலை. வாங்கிய தொகை ஒன்றேகால் கோடி ரூபாய் அளவில் இருந்தது. முதலீடுகளைப் பற்றி யோசனை சொல்வதற்கென்றே கார்ப்பரேஷனில் ஒரு கமிட்டி உண்டு. அதை முன்கூட்டிக் கலக்கவில்லை. மார்க்கெட் விலைக்கு மேல் கொடுத்து வாங்கியதும் பிறகு தெரிந்தது. இருட்டு இல்லை, கன்னக்கோல் இல்லை, கூரையில் ஓட்டை இல்லை. மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மரியாதைப்பட்டவர்கள் உட்கார்ந்து பேசினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், பாலிஸிதாரனின் பணம் போய்விட்டது.

மறுபடியும் பெரோஸ் காந்திதான் எழுந்தார். அவர் காங்கிரஸ் மெம்பர். பிரதம மந்திரி நேருவின் மாப்பிள்ளை. 1957 டிசம்பர் 16-ஆம் தேதி லோக்சபையில் தம் கட்சி சர்க்காரைத் தாமே கேள்வி கேட்டார். அப்போது நிதி மந்திரி நம் ஊர்க்காரர், டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அரசியல் சட்டத்தை வரைந்த கமிட்டியில் இருந்தவர். அந்த வருஷத் தேர்தலில் தென்சென்னைத் தொகுதி ஜனங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர். கூர்மையான மூளைக்காரர் என்று பெயர் வாங்கியவர். முதலில் சமாளிக்கப் பார்த்தார். சமாளிக்க முடியவில்லை.

பம்பாய் ஹைகோர்ட்டுப் பிரதம நீதிபதி எம்.சி. சாக்ளாவை ஒரு நபர் கமிஷனாக சர்க்கார் நியமித்தது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு விசாரிக்கவில்லை. பம்பாயில் பொதுமக்களுக்கு முன்னால் விசாரித்தார். உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்காக வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். மந்திரியும், நிதி இலாகாவின் பெரிய காரியதரிசி எச்.எம். படேலும், கார்ப்பரேஷன் தலைவரும் வந்து, ‘யார் உத்தரவிட்டது?’ என்ற கேள்விக்குப் பதில் சொன்னார்கள். மந்திரி காரியதரிசியின் பக்கம் பார்த்தார். காரியதரிசி மந்திரியின் பக்கம் பார்த்தார். அட்டர்னி ஜெனரல் செதல்வாட் இரண்டு பக்கமும் பார்த்துக் குறுக்குக் கேள்வி போட்டார். விசாரணை சுமார் ஒரு மாதத்துக்குள் முடிந்தது. 1958 பிப்ரவரி 10-ஆம் தேதி அறிக்கை வந்துவிட்டது. கமிஷன் என்றாலே வருஷக்கணக்கு என்று பழகிப்போன நமக்கு இது புராணக் கதை போல் தோன்றும். கீழே உள்ளவர் செய்த காரியத்துக்கு மந்திரி பொறுப்பேற்க வேண்டும், ‘எனக்குத் தெரியாது’ என்று கைகழுவ முடியாது என்பது சாக்ளாவின் முடிவு. அந்த மாதமே கிருஷ்ணமாச்சாரி பதவியிலிருந்து விலகினார்.

இனித் தண்டனைக் கணக்கைப் பார்ப்போம். முந்த்ரா கைதானார், வழக்குகள் வரிசையாக வந்தன, சிறையும் பார்த்தார். மந்திரி சல்லிக்காசு கையாடினார் என்று எவரும் சொல்லவில்லை; அவர் இழந்தது பதவி. நான்கு வருஷத்தில் மறுபடியும் மந்திரியானார். 1963-ல் அதே நிதி இலாகாவுக்கே திரும்பி வந்தார். படேல் சிவில் சர்வீஸை விட்டு விலகினார். ஆனால் பிறகு நடந்த விசாரணைகளில் களங்கம் நீங்கப்பெற்று, 1977-ல் ஜனதா ஆட்சியில் அவரும் நிதி மந்திரியானார். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. குற்றம் வேறு, தவறு வேறு. தவறு செய்தவரைச் சிறையில் போடச் சட்டம் இடம் கொடாது, கொடுக்கவும் கூடாது. ஆனால் தவறுக்கும் குற்றத்துக்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பது என்பதில்தான் சர்க்கார் ஸ்தாபனங்களின் தலைவிதியே அடங்கியிருக்கிறது.

அந்தக் கோடு சட்டப் புத்தகத்தில் எப்படி நகர்ந்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மெக்காலே வரைந்து 1860-ல் சட்டமான இந்தியன் பீனல் கோடு, சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருஷம் என்றது. ஆனால் நம்பி ஒப்படைத்த பொருளைப் பொது ஊழியரே அபகரித்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம் என்று 409-ஆம் பிரிவு சொல்லிற்று. வீட்டுக்கு வெளியிலிருந்து வருகிறவனைவிடச் சாவி வைத்திருப்பவனே பெரிய குற்றவாளி என்பது மெக்காலேயின் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் ‘பொது ஊழியர்’ யார்? 21-ஆம் பிரிவில் அதற்கு ஒரு ஜாபிதா இருந்தது. நீதிபதி உண்டு, பட்டாளத்து அதிகாரி உண்டு, சர்க்கார் உத்தியோகஸ்தர் உண்டு. சர்க்கார் நடத்தும் கார்ப்பரேஷனின் அதிகாரி இல்லை. மெக்காலே காலத்தில் அப்படி ஒரு பிராணி இருக்கவில்லை. அன்று கம்பெனியே சர்க்காராக இருந்தது!

சுதந்திரம் வந்து, உருக்கும் உரமும் இன்ஷுரன்ஸுமாக சர்க்கார் ஸ்தாபனங்கள் பெருகிய பிறகுதான் அந்த ஜாபிதாவில் பன்னிரண்டாவதாக ஓர் இனம் சேர்ந்தது. தொழிலோ வியாபாரமோ நடத்தும் சர்க்கார் கார்ப்பரேஷனின் அதிகாரியும் பொது ஊழியரே என்று 1958-ல் திருத்தம் செய்தார்கள். முந்த்ரா விவகாரத்தையும் அந்தத் திருத்தத்தையும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. வருஷம் ஒன்றாக அமைந்தது, அவ்வளவே. 1964-ல் வலையை இன்னும் அகலமாக விரித்து, சட்டத்தால் ஏற்பட்ட எந்தக் கார்ப்பரேஷனிலும் சர்க்கார் கம்பெனியிலும் சம்பளம் வாங்கும் எல்லாரையும் உள்ளே கொண்டுவந்தார்கள். தண்டனை கூடிற்று, கவசமும் கூடவே வந்தது. பொது ஊழியர்மீது லஞ்ச ஒழிப்புச் சட்டப்படி வழக்கை நடத்த மேலிடத்தின் முன்னனுமதி வேண்டும். அனுமதிக் காகிதம் எத்தனை மேஜைகளில் எத்தனை காலம் தூங்கும் என்று யாரும் ஆரூடம் சொல்ல முடியாது.

கீழே உள்ளவர்கள் விஷயத்தில் சட்டம் தூங்கியதில்லை. தாம்பரம் பாதையையே எடுத்துக்கொள்வோம். 1944 வரையில் அது தென்னிந்திய ரயில்வே என்ற தனியார் கம்பெனியின் சொத்து, பிறகு சர்க்காருடையது. ரயில்வேயின் தாமிரக் கம்பியும் தண்டவாளத் துண்டும் பழைய இரும்புக் கடையில் போய்ச் சேர்வதைத் தடுக்க 1955-ல் ஒரு சட்டம் வந்தது. அது போதவில்லை என்று 1966-ல் மற்றொன்று வந்தது. ரயில்வே சாமான் ஒருவன் கையில் இருந்து, அது திருட்டுச் சாமான் என்று சந்தேகிக்க நியாயமும் இருந்தால், நேர்மையாக வந்தது என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து வருஷம் வரை சிறை. தக்க காரணம் இல்லாமல் ஒரு வருஷத்துக்குக் குறைக்கவும் கூடாது. இரண்டாம் தடவை அகப்பட்டால் குறைந்தது இரண்டு வருஷம். பஸ் கண்டக்டர் கதை இன்னும் கடுமை. டிக்கட் கொடுக்காமல் சில்லறையைப் பையில் போட்டுக்கொண்டது பரிசோதனையில் தெரிந்தால் வேலை போய்விடும். தொகை சிறியது என்பதால் குற்றம் சிறியதாகிவிடாது, அவனிடம் வைத்த நம்பிக்கைதான் கணக்கு என்று சுப்ரீம் கோர்ட் பல தடவை சொல்லியிருக்கிறது. நியாயமான வார்த்தை. ஆனால் நம்பிக்கைதான் அளவுகோல் என்றால், கோடியை நம்பிக் கொடுத்தவர்களிடம் அந்தக் கோல் ஏன் வளைந்து கொடுக்கிறது என்று கண்டக்டரின் மனைவி கேட்டால் என்ன பதில் சொல்வது? கம்பி கையில் இருந்தாலே சந்தேகம். கையெழுத்து கையில் இருந்தால் ‘நல்லெண்ணத்துடன் செய்த வியாபார முடிவு’.

2024 ஜூலை முதல் தேதி பீனல் கோடு போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அதில் சர்க்கார் சொத்தையோ ஸ்தல ஸ்தாபனச் சொத்தையோ திருடினால் ஏழு வருஷம் வரை என்று புதிதாக எழுதியிருக்கிறார்கள். சர்க்கார் கார்ப்பரேஷன் என்ற பெயர் அந்த இடத்தில் காணவில்லை. ரயில் போன்ற வாகனத்தில் ஏற்றிய சாமானைத் திருடினாலும் அதே ஏழு வருஷம் உண்டு. ஆகவே கூரை வழியாக வருகிறவனுக்கு இடம் தயார். பழைய 409-ஆம் பிரிவும் எண் மாறி, ஆயுள் தண்டனையோடு அப்படியே இருக்கிறது. சட்டத்துக்குப் பல் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. பல் யார்மேல் படுகிறது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே நம் பக்கத்து ஊரில் ஒரு சபை எடுத்துக்கொண்டு யோசித்திருக்கிறது. தாம்பரத்திலிருந்து தெற்கே செங்கற்பட்டுக்குப் போய் அங்கிருந்து தென்மேற்கே திரும்பினால் உத்தரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இருக்கின்றன, கி.பி. 919, 921 என்று வருஷம் கணக்கிட்டிருக்கிறார்கள். குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் படித்ததுதான். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று ஊர்ப் பொதுக் காரியங்களை ஏற்று நடத்தும் வாரியங்கள். ஒரு வாரியத்தின் பதவிக்காலம் 360 நாள். எல்லாரும் குடவோலையைப் பேசுகிறோம். யார் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்ற பகுதியைத்தான் கவனித்துப் படிக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயர் கூடாது. அவன் பெயர் மட்டுமல்ல. அவனுடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், உடன்பிறந்தான் என்று உறவு முறையையெல்லாம் வரிசையாகச் சொல்லி, ஒருவர் பெயரும் கூடாது என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பிறர் பொருளை அபகரித்தவனுக்கும் இடமில்லை.

‘குல நாசம்’ என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான சட்ட வியாக்கியானம் வேண்டுமா? உறவினரையெல்லாம் தண்டிப்பது இந்தக் காலத்து நீதிக்கு ஒவ்வாது. அதை நான் சிபாரிசு செய்யவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. அந்த விதியில், ‘திருடினான் என்று ருசுவானால்’ என்ற நிபந்தனையே இல்லை. கணக்குக் காட்டவில்லை, அதுவே போதும். பொதுப் பணத்தைக் கையில் வாங்கியவன் கணக்குக் காட்டாதவரையில் பொதுக் காரியத்தில் அவனுக்கும் அவனைச் சேர்ந்தவர்க்கும் இடமில்லை. கூரையில் ஓட்டை போடுகிறவனைப் பிடிக்க மின்கம்பி போதும், போலீஸ் போதும். கையெழுத்துப் போடுகிறவனைப் பிடிக்கக் கணக்குத்தான் வேண்டும். அதுவும் ஊரார் முன்னிலையில். 1958-ல் பம்பாயில் ஒலிபெருக்கி வைத்துக் கேட்டபோது நடந்ததும் அதுவேதான். ஆயுள் தண்டனைச் சட்டம் செய்ய முடியாத காரியத்தை, ஒரு மாதத்து வெளிப்படையான விசாரணை செய்து முடித்தது.

உத்தரமேரூர்க்காரர்கள் தங்கள் விதியை ஓலையில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கும்படி கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். கணக்குக் கேட்பவன் யார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.